22 அங்குலம்: லங்காஸ்டர் அட்டவணையில் இல்லாத ஓர் எண்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் லங்காஸ்டருக்கு எதிராக வாய் திறப்பது கஷ்டம். நான்கு மெர்லின் இன்ஜின், 33 அடி நீளத்துக்கு நடுவில் தடுப்பே இல்லாத குண்டு அறை, கடைசி வருடத்தில் 22,000 பவுண்டு எடையுள்ள ஒற்றைக் குண்டைச் சுமந்து போன ஒரே விமானம், ரூர் அணைகளை உடைத்த விமானம். அதே காலத்து மற்ற இரண்டு நான்கு இன்ஜின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களான ஹாலிஃபாக்ஸ், ஸ்டிர்லிங் இரண்டும் பக்கத்தில் நிற்கவே லாயக்கில்லை என்பது போலத்தான் பெரும்பாலான கட்டுரைகள் முடியும். எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் அதே அட்டவணைதான்: வேகம், உயரம், தூரம், சுமை, துப்பாக்கிகளின் எண்ணிக்கை. சுடப்பட்டுத் தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் ஏழு பேரில் எத்தனை பேர் உயிரோடு வெளியே வருவார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் வரி கிடையாது. அந்த வரியைச் சேர்த்துவிட்டால் லங்காஸ்டரின் இடம் எங்கே போகும் என்பதுதான் ரொம்ப நாளாக எனக்குள் ஓயாத கேள்வி. விடை நான் எதிர்பார்த்த அளவு நேராக இல்லை.

அந்த வரியை எழுத முயன்றவர்களில் ஒருவர் ஃப்ரீமன் டைசன். பின்னாளில் பெரிய இயற்பியலாளராகப் பெயர் எடுத்த இவர், 1943 கோடையில் 19 வயதுப் பையனாக பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவான பாம்பர் கமாண்டின் தலைமையகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். லண்டனுக்கு மேற்கே ஹை விக்கம் அருகில், காட்டுக்குள் இருந்த அலுவலகம் அது. விழுந்த விமானங்களில் இருந்து குதித்துப் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று அங்கே கணக்குப் பார்த்தார்கள். டைசன் பின்னால் சொன்ன எண்கள் இவை: அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் பாதிப் பேர் பிழைத்தார்கள். ஹாலிஃபாக்ஸிலும் ஸ்டிர்லிங்கிலும் 25 சதவீதம். லங்காஸ்டரில் 15 சதவீதம்.

அமெரிக்க எண்ணை ஒதுக்கி வைத்துவிடலாம். அவர்கள் பகலில் பறந்தவர்கள். தாக்க வரும் விமானம் கண்ணுக்குத் தெரியும், எந்த இன்ஜின் எரிகிறது என்று தெரியும், தரை எங்கே என்று தெரியும். இரவில் பறந்தவர்களுக்கு முதல் எச்சரிக்கையே காலடியில் குண்டு துளைக்கும் சத்தமாக இருக்கும். ஆகவே அந்த 50 சதவீதத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஹாலிஃபாக்ஸ் அதே இரவில், அதே நகரத்துக்கு, அதே ஜெர்மன் இரவுப் போர் விமானங்களுக்கு நடுவே போனது. அதிலும் ஏழு பேர்தான், நான்கு இன்ஜின்தான், பாராசூட்டும் அதேதான். அப்படியிருந்தும் இந்த 10 சதவீத வித்தியாசம் வந்திருக்கிறது. இருட்டைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. விமானத்தின் உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

டார்பிடோவுக்குப் போட்ட வரைபடம்

லங்காஸ்டரை அவ்ரோ நிறுவனத்தின் ராய் சாட்விக் புதிதாக உட்கார்ந்து வரையவில்லை. அதற்கு முன் மான்செஸ்டர் என்ற இரட்டை இன்ஜின் விமானம் இருந்தது. அதன் வல்ச்சர் இன்ஜின்கள் நம்ப முடியாதவையாக இருந்ததால் இறக்கையை நீட்டி, நான்கு மெர்லின்களை மாட்டினார்கள். அதுதான் லங்காஸ்டர். உடல் அப்படியே மான்செஸ்டரின் உடல். மான்செஸ்டர் உருவானது 1936இல் விமான அமைச்சகம் கொடுத்த பி.13/36 என்ற தேவைப் பட்டியலின்படி. அந்தப் பட்டியலில் இரண்டு 18 அங்குல டார்பிடோக்களைச் சுமக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. டார்பிடோ நீளமானது, துண்டு போட முடியாதது. எனவே விமானத்தின் வயிறு முழுக்க ஒரே நீள அறையாக வேண்டியிருந்தது. டார்பிடோ நிபந்தனை பிறகு கைவிடப்பட்டது. அறை மட்டும் தங்கிவிட்டது. 4,000 பவுண்டு 'குக்கி', 12,000 பவுண்டு டால்பாய், 22,000 பவுண்டு கிராண்ட் ஸ்லாம் என்று ஒவ்வொன்றாக வரும்போது அந்த அறையை உருவாக்கியவர்களைத் தீர்க்கதரிசிகள் என்றே சொல்லத் தோன்றும். உண்மையில் அது அதிர்ஷ்டம்.

இப்போது அந்த அறையை உள்ளிருந்து பார்க்க வேண்டும். வயிற்றில் 33 அடிக்கு குண்டு அறை ஓடினால், அதன் கூரைதான் மேலே இருப்பவர்களுக்குத் தரை. அந்த 33 அடிக்குள் தரையில் எங்கும் ஓட்டை போட முடியாது. போட்டால் குண்டுகளின் மேல்தான் விழ வேண்டும். பாராசூட்டோடு குதிக்க ஒரே பாதுகாப்பான திசை கீழ்ப்பக்கம். மேலே குதித்தால் நடுமுதுகில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டோ வாலின் இரட்டைச் சுக்கான்களோ மோதிவிடும். கூரையில் இருந்த மூன்று திறப்புகள் கடலில் இறங்கும்போது ஏறி வெளியேறுவதற்கானவை, பாராசூட்டோடு குதிப்பதற்கானவை அல்ல. ஆக, கீழ்ப்பக்கத் திறப்புக்கு குண்டு அறைக்கு முன்னால் இருக்கும் மூக்கில் மட்டும்தான் இடம். அங்கே, குண்டு குறிபார்ப்பவர் குப்புறப் படுக்கும் மெத்தைக்கு அடியில், ஒரு மூடி: 22 அங்குல அகலம், 26.5 அங்குல நீளம். நம் ஊர்க் குளியலறைக் கதவே 30 அங்குல அகலம் இருக்கும். ஹாலிஃபாக்ஸின் திறப்பு இதைவிட இரண்டே அங்குலம் அகலம்.

இரண்டு அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வெறும் உடம்புக்கு இல்லைதான். ஆனால் குதிக்கிறவன் கம்பளி உள்ளாடை, யூனிஃபார்ம், பறப்பு உடை, அதற்கு மேல் மஞ்சள் நிற மே வெஸ்ட் மிதவை, அதற்கு மேல் பாராசூட் வார்ப்பட்டை எல்லாம் போட்டிருப்பான். பைலட் தவிர மற்றவர்களுக்குப் பாராசூட் தனிப் பொதி. உட்கார்ந்த இடத்தில் அதை மாட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பதால் பக்கத்துச் சுவரில் ஒரு தாங்கியில் வைத்திருப்பார்கள். ஆபத்து வந்ததும் எடுத்து நெஞ்சில் இரண்டு கொக்கிகளில் மாட்ட வேண்டும். நெஞ்சில் அந்தப் பொதி வந்தவுடன் ஆளின் பருமன் மாறிவிடுகிறது. நேராக நின்றபடி அந்த ஓட்டைக்குள் இறங்க முடியாது. விளிம்பில் மண்டியிட்டுத் தலை முதலில் போக வேண்டும். பொதி விளிம்பில் சிக்கினால் பின்னால் நிற்பவன் உதைத்துத் தள்ள வேண்டும்.

ஏழு பேர், இரண்டு வழி

முன்னிருந்து பின்னாக உட்காரும் வரிசை இது. மூக்கில் குண்டு குறிபார்ப்பவர். அவருக்கு மேலே பின்னால், இடது பக்கம் பைலட், வலது பக்கம் மடக்கு இருக்கையில் ஃப்ளைட் இன்ஜினியர். பைலட்டுக்குப் பின்னால் திரை போட்ட மேசையில் நேவிகேட்டர். அவருக்குப் பின்னால், இறக்கையைத் தாங்கும் குறுக்கு உத்தரமான ஸ்பார்களில் முன்னதற்கு முதுகைக் கொடுத்தபடி வயர்லெஸ் ஆபரேட்டர். அதற்கப்புறம் குறுக்கே படுத்திருக்கும் இரண்டு ஸ்பார்களையும் ஏறித் தாண்டிப் போனால் நடுமுதுகுத் துப்பாக்கிக்காரர், வாலில் கடைசித் துப்பாக்கிக்காரர். ஐந்து பேருக்கு மூக்கிலிருக்கும் அந்த ஒரு திறப்பு. பின்னால் இருக்கும் இருவருக்கு, வலப்பக்கம் வாலுக்கு அருகில் எல்லோரும் ஏறும் கதவு. அந்தக் கதவைப் பாராசூட்டுக்குப் பயன்படுத்துவது வேறு வழியே இல்லாதபோதுதான் என்று விமானிகளுக்கான கையேடு சொன்னது. காரணம் எளிது: கதவுக்குப் பின்னால் வாலின் கிடைச் சிறகு நிற்கிறது. வெளியே வந்தவனைக் காற்று நேராக அதில் கொண்டு போய் அறையலாம். நேரம் இருந்தால் எல்லோரும் மூக்கு வழியாகவே போக வேண்டும் என்பது விதி. இரண்டு ஸ்பாரையும் தாண்டி, ஆக்சிஜன் இல்லாமல், இருட்டில், சாய்ந்துகொண்டிருக்கும் விமானத்தில் வாலில் இருந்து மூக்குக்கு வர நேரம் எப்போது இருந்திருக்கும் என்பது விதி எழுதியவருக்கே வெளிச்சம்.

முன்பக்கம் நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் எங்கே எங்கே தடங்கல் என்பது புரியும். பைலட் இன்டர்காமில் வெளியேறச் சொல்கிறார். இன்டர்காம் அறுந்திருந்தால் அந்தச் செய்தியே போகாது. ஒவ்வொருவரும் ஆக்சிஜன் குழாய், இன்டர்காம் கம்பி இரண்டையும் பிடுங்க வேண்டும். சூடேற்றும் உடை போட்டிருக்கும் துப்பாக்கிக்காரர் என்றால் மின்கம்பியையும் சேர்த்து. 20,000 அடியில் ஆக்சிஜனைப் பிடுங்கிய பிறகு தெளிவாக யோசிக்கக் கொஞ்ச நேரமே இருக்கும். பொதியை எடுத்து மாட்ட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் தொங்கும் கம்பி எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். குண்டு குறிபார்ப்பவர் மெத்தையைத் தள்ளி, மூடியின் கைப்பிடியைத் திருகி, மூடியை உள்பக்கமாகத் தூக்கி, அதன்பின் சாய்த்துத் திருப்பி அதே ஓட்டை வழியாக வெளியே எறிய வேண்டும். மூடி உள்பக்கம் திறக்கும்படி வைத்ததற்குக் காரணம் உண்டு, வெளியே திறந்தால் காற்று அதைத் தானே பிய்த்துவிடும். ஆனால் திருப்பி எறியும் நேரத்தில் காற்று அடித்து மூடி ஓட்டையிலேயே குறுக்காக மாட்டிக்கொண்டால் ஐந்து பேரின் கதையும் அங்கேயே முடிந்தது. பிறகு முதலில் அவர், அடுத்து இன்ஜினியர், நேவிகேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், கடைசியாகப் பைலட்.

பைலட்டின் நிலை தனி. அவர் பாராசூட் மேலேயே உட்கார்ந்திருப்பார், தேடி மாட்ட வேண்டியதில்லை. ஆனால் ஸ்டியரிங்கை விட்ட மறுநொடி, ஒரு பக்க இன்ஜின் போன விமானம் கவிழத் தொடங்கும். கவிழ்ந்து சுழன்றால் மையவிலக்கு விசை எல்லோரையும் இருக்கும் இடத்திலேயே சுவரோடு அழுத்திவிடும். கையைத் தூக்குவதே போராட்டம். லங்காஸ்டரில் இரட்டைக் கட்டுப்பாடு கிடையாது, இன்னொருவர் பிடித்துக்கொள்ள முடியாது. எனவே மற்றவர்கள் இறங்கும்வரை அவர் பிடித்திருக்க வேண்டும், அவர் பிடித்திருக்கும்வரைதான் மற்றவர்கள் இறங்க முடியும். இறக்கைகளில் உள்ள ஆறு தொட்டிகளில் 2,154 காலன் பெட்ரோல் எரிய ஆரம்பித்தால், ஸ்பார் உருகி இறக்கை முறியும்வரைதான் அவகாசம். பிழைத்த பைலட்டுகளில் பலர் தாங்களாகக் குதிக்கவே இல்லை. விமானம் வெடித்துச் சிதறியபோது வெளியே வீசப்பட்டவர்கள் அவர்கள்.

1943இன் பின்பாதியில் இருந்து ஜெர்மானியர்கள் 'ஷ்ரேகே முசீக்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இரவுப் போர் விமானத்தின் முதுகில் பீரங்கிகளை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தி, குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் வந்து நின்று, இறக்கைத் தொட்டிகளைப் பார்த்துச் சுடுவது. ஒளிரும் தோட்டாக்களைப் பயன்படுத்தவில்லை, அதனால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. லங்காஸ்டரின் வயிற்றில் ஆரம்பத்தில் ஒரு கூண்டு பொருத்தும் ஏற்பாடு இருந்தது, அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தரையைப் படம் காட்டும் எச்2எஸ் ரேடாரின் குமிழியை வைத்தார்கள். கீழே பார்க்கக் கண்ணே இல்லை. சுடப்பட்ட நொடியிலிருந்து இறக்கை முறியும் நொடிவரை இருக்கும் இடைவெளி இதனால் இன்னும் சுருங்கியது. திறப்பின் அகலம் உயிருக்கு விலையானது அந்த இடைவெளியில்தான்.

வால் கூண்டு

எந்த இருக்கை கொடுமையானது என்று கேட்டால் தயங்காமல் வால் கூண்டு என்பேன். எஃப்.என்.20 என்ற அந்தக் கூண்டில் நான்கு .303 அங்குல பிரௌனிங் துப்பாக்கிகள், அவற்றுக்கு நடுவே ஓர் ஆள். பாராசூட் வைக்க உள்ளே இடமில்லை. அது கூண்டுக்கு வெளியே, விமான உடலின் சுவரில் தொங்கும். வெளியேறும் முறை இது: கூண்டை நேர்ப்பின்னாகத் திருப்பி நிறுத்து. பின்னால் இருக்கும் கதவுகளைத் தள்ளித் திற. திரும்பிக் கையை நீட்டிப் பொதியை எடு. மாட்டு. பிறகு கூண்டைப் பக்கவாட்டில் முழுதாகத் திருப்பு. இப்போது கதவு விமானத்துக்கு வெளியே, வெட்டவெளியைப் பார்த்து நிற்கும். முதுகுப்பக்கமாக உருண்டு விழு. இத்தனையும் கூண்டு நேராக நின்றால்தான் தொடங்கும், கூண்டு திரும்பினால்தான் முடியும். கூண்டைத் திருப்புவது ஹைட்ராலிக் எண்ணெய். வால் கூண்டுக்கான எண்ணெயை அழுத்தும் பம்பு இடது வெளிப்புற இன்ஜினில் இருந்தது. அந்த இன்ஜின் நின்றால் கைப்பிடியைச் சுற்றித்தான் திருப்ப வேண்டும்.

1944 மார்ச்சில், பெர்லினுக்குப் போன 115ஆம் ஸ்குவாட்ரன் லங்காஸ்டர் ஒன்றில் வால் துப்பாக்கிக்காரர் நிக்கோலஸ் ஆல்கமேட் கதவைத் திறந்து பார்த்தபோது தாங்கியில் இருந்த பாராசூட் எரிந்துகொண்டிருந்தது. தீயில் வேகுவதைவிட மேல் என்று 18,000 அடியில் இருந்து பாராசூட் இல்லாமலே குதித்தார். ஃபர் மரக் கிளைகளிலும் பனியிலும் விழுந்து, கால் சுளுக்கோடு எழுந்தார். ஜெர்மன் விசாரணையாளர்கள் நம்பவில்லை, விழுந்த விமானத்தைப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். இதை அதிசயச் செய்தியாக ஆயிரம் முறை எழுதிவிட்டார்கள். பாராசூட் ஏன் அவர் உடம்பில் இல்லாமல் சுவரில் தொங்கியது என்ற கேள்வியை எழுதியவர்கள் குறைவு.

இன்னொரு இரவு, 1944 ஜூன் 12-13. கனடா விமானப்படையின் 419ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த கேபி726 என்ற லங்காஸ்டர், மிடில்டன் செயின்ட் ஜார்ஜில் இருந்து பிரான்ஸின் காம்ப்ரே ரயில் முனையத்தைத் தாக்கப் போனது. யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் இரவுப் போர் விமானம் ஒன்று அடியில் வந்து சுட்டது. இடது பக்க இன்ஜின்கள் இரண்டும் போயின, உடலின் பின்பாதியில் ஹைட்ராலிக் எண்ணெய் பற்றி எரிந்தது. பைலட் வெளியேறச் சொன்னார். முன்னால் இருந்தவர்கள் மூக்கு வழியாக இறங்கினார்கள். நடுமுதுகுத் துப்பாக்கிக்காரர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி கூண்டில் இருந்து இறங்கிப் பின்கதவுக்குப் போனார். குதிக்கும் முன் வாலைத் திரும்பிப் பார்த்தார். வால் துப்பாக்கிக்காரர் பாட் ப்ரோஃபி கூண்டுக்குள் மாட்டியிருந்தார். இடது வெளிப்புற இன்ஜின் இல்லை, எனவே ஹைட்ராலிக் இல்லை. கையால் சுற்றும் பிடியும் உடைந்து கையோடு வந்துவிட்டது. கூண்டு பாதித் திருப்பத்தில் நின்றுபோனது: உடலுக்குள்ளும் வர முடியாது, வெளியேயும் விழ முடியாது.

மைனார்ஸ்கி எரியும் எண்ணெய்க்குள் தவழ்ந்து போனார். அவசரக் கோடரியால் கூண்டை நெம்பினார், பிறகு வெறுங்கையால். இடுப்புக்குக் கீழே உடை எரிந்துகொண்டிருந்தது. பயனில்லை என்று தெரிந்த ப்ரோஃபி திரும்பிப் போகச் சொல்லிக் கையசைத்தார். மைனார்ஸ்கி ப்ரோஃபியைப் பார்த்தபடியே பின்னோக்கித் தவழ்ந்து கதவுக்கு வந்து, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பாராசூட்டும் எரிந்தது. தரையில் பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. ப்ரோஃபியோ விமானத்தோடே கீழே வந்தார். இடது இறக்கை மரத்தில் மோதி விமானம் சுழன்றதில் வால் கூண்டு உடைந்து அவரைத் தூக்கி வெளியே எறிந்தது. பிழைத்தார். ஏழு பேரில் இறந்தவர் மைனார்ஸ்கி மட்டுமே. என்ன நடந்தது என்பதைச் சொல்ல ப்ரோஃபி இருந்ததால்தான் 1946இல் மைனார்ஸ்கிக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

விருதுக் குறிப்புகளில் வீரம் இருக்கும், பம்பு இருக்காது. ஓர் இன்ஜினுக்கும் ஒரு கூண்டுக்கும் போட்ட ஒற்றை முடிச்சு அறுந்தால் உள்ளே இருப்பவனுக்கு மாற்று வழி ஒரு சின்னக் கைப்பிடி மட்டும்தான் என்று யாரோ வரைபட மேசையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த வியாதி லங்காஸ்டருக்கு மட்டும் உரியதும் அல்ல. மதராஸ் மாகாணம் கொடுத்த போர் நிதிக்காக அதன் பெயரையே தாங்கிய 264ஆம் ஸ்குவாட்ரன், 1940இல் டிஃபையன்ட் என்ற இரட்டை இருக்கைப் போர் விமானத்தை ஓட்டியது. அதிலும் பைலட்டுக்குப் பின்னால் ஒரு சுழலும் கூண்டு. மின்சாரம் போனால் கூண்டு நின்றுவிடும், துப்பாக்கிக்காரர் உள்ளேயே. பொதி வைக்க இடமில்லாததால் பாராசூட்டையே உடைக்குள் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பைலட் குதித்துப் பிழைக்க, துப்பாக்கிக்காரர் விமானத்தோடு போன சம்பவங்கள் டிஃபையன்ட் வரலாற்றில் நிறைய.

ஹாரிஸின் கணக்கு, துப்பாக்கிக்காரரின் கணக்கு

இதுவரை எழுதியதை வைத்து லங்காஸ்டரைக் கீழே இறக்கி ஹாலிஃபாக்ஸை மேலே வைப்பது சுலபம். ஆனால் எண்களை எடுத்தால் விஷயம் புரண்டு படுக்கிறது. லங்காஸ்டர்கள் போர் முழுவதும் சுமார் 156,000 முறை பறந்து, 608,612 டன் குண்டு போட்டன. தாக்குதலில் இழந்தவை 3,249. ஹாலிஃபாக்ஸ்கள் 82,773 முறை பறந்து, 224,207 டன் போட்டன, இழந்தவை 1,833. வகுத்துப் பாருங்கள். ஒரு விமானத்தை இழப்பதற்குள் லங்காஸ்டர் 187 டன் போடுகிறது, ஹாலிஃபாக்ஸ் 122 டன். பாம்பர் கமாண்டின் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் ஹாலிஃபாக்ஸைக் கண்டாலே எரிந்து விழுந்ததற்கு இந்த மாதிரிக் கணக்குதான் காரணம்.

உயிர்களையும் சேர்த்து அதே கணக்கை நீட்டலாம். டைசனின் 15, 25 சதவீதங்களை வைத்துக்கொண்டால், லங்காஸ்டர் ஓர் உயிருக்கு 31 டன் போடுகிறது, ஹாலிஃபாக்ஸ் 23 டன். திறப்பு குறுகலாக இருந்தும் லங்காஸ்டர்தான் ஜெயிக்கிறது! தலைமையகத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஹாரிஸ் சொன்னது சரி.

ஆனால் கூண்டில் உட்கார்ந்திருப்பவன் டன் கணக்கில் வாழவில்லை. அவனுக்கு விதித்தது 30 பறப்புகள். அவனுடைய அளவுகோல் பறப்பு. லங்காஸ்டர் 48 பறப்புக்கு ஒன்று விழுந்தது, ஹாலிஃபாக்ஸ் 45க்கு ஒன்று. விழுந்தபின் பிழைக்கும் வாய்ப்பைச் சேர்த்தால், லங்காஸ்டரில் உட்கார்ந்தவனுக்கு ஒரு பறப்பில் சாவு 56இல் ஒன்று. ஹாலிஃபாக்ஸில் 60இல் ஒன்று. லங்காஸ்டர் கிடைத்தால் தப்பித்தோம் என்று நம்பிய எத்தனையோ குழுக்களுக்கு அந்த நம்பிக்கையில் பொருள் இருக்கவில்லை. இதில் ஒரு நெளிவு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1944 பிப்ரவரி 19-20 இரவு ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தாக்குதலில் 78 விமானங்கள் போயின. அதில் ஹாலிஃபாக்ஸ் இழப்பு தாங்க முடியாத அளவுக்கு ஏறியதால், பழைய மார்க் 2, மார்க் 5 ஹாலிஃபாக்ஸ்களை ஜெர்மன் இலக்குகளில் இருந்தே விலக்கினார்கள். ஹாலிஃபாக்ஸின் சராசரியில் பிரான்ஸின் குறுகிய, எளிய இரவுகள் கலந்திருக்கின்றன. எனவே 56க்கும் 60க்கும் நடுவே உள்ள இடைவெளியை ஹாலிஃபாக்ஸின் வெற்றியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். லங்காஸ்டரின் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டது உள்ளே இருந்தவனிடம் வந்து சேரவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் எனக்கு ஆறாத இடம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இருக்கவில்லை என்பது. நீளமான குண்டு அறை வேண்டும் என்றால் மூக்கில் மட்டும்தான் திறப்பு, சரி. ஆனால் அந்தத் திறப்பு 22 அங்குலமாகத்தான் இருக்க வேண்டும் என்று குண்டு அறை கேட்கவில்லை. 3,249 விமானங்கள், விமானத்துக்கு ஏழு பேர், 10 சதவீதம் என்று தோராயமாகப் போட்டாலே இரண்டாயிரத்துக்கு மேல் ஆட்கள். டைசனின் சக ஊழியர் ஒருவர் திறப்பை அகலப்படுத்தச் சொல்லி இரண்டு வருடம் மன்றாடியதாக டைசன் எழுதியிருக்கிறார். ஒப்புதல் வந்தபோது போர் முடியும் கட்டம். உற்பத்தி வரிசையில் ஒரு சட்டத்தை மாற்றினால் அந்த மாதம் விமானம் குறையும் என்பது அதிகாரிகளிடம் எப்போதும் தயாராக இருந்த பதில். விமானம் குறைந்தால் அட்டவணையில் தெரியும். ஓட்டை அகலமானால் எந்த அட்டவணையிலும் தெரியாது. பிழைத்தவர்களும் ஜெர்மன் சிறைமுகாமுக்குத்தான் போகப் போகிறார்கள், திரும்பிப் பறக்க வரப் போவதில்லை. கமாண்டின் கணக்கில் இறந்தவனும் கைதியானவனும் ஒரே பத்தியில் 'காணவில்லை'.

மாற்றம் முடியவே முடியாது என்றும் இல்லை. கெய்ன்ஸ்பரோ என்ற சிற்றூரில் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த ரோஸ் சகோதரர்கள் நிறுவனத்தைப் பிடித்து, பாம்பர் கமாண்டின் 1ஆம் குழுத் தளபதி எட்வர்ட் ரைஸ் ஒரு புதிய வால் கூண்டைச் செய்ய வைத்தார். அமைச்சகத்தின் வழக்கமான வாசல்களைச் சுற்றிக்கொண்டு நடந்த வேலை அது. 1944 நடுவில் இருந்து 1ஆம் குழுவின் லங்காஸ்டர்களில் ஏறத் தொடங்கியது. நான்கு .303க்குப் பதில் இரண்டு 0.5 அங்குலத் துப்பாக்கிகள். இடம் தாராளம். துப்பாக்கிக்காரர் பாராசூட்டை மாட்டியபடியே உட்காரலாம். முன்பக்கம் கண்ணாடியே இல்லாத பெரிய திறப்பு, அதன் வழியாக நேரே குதிக்கலாம். கூண்டைத் திருப்ப வேண்டாம், கதவைத் தேட வேண்டாம், தாங்கிக்குக் கை நீட்ட வேண்டாம். ரைஸ் அதைக் கேட்டது .303 தோட்டா எதிரி விமானத்தை விழுத்தப் போதவில்லை என்பதற்காக, இருட்டில் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக. குதிக்கும் வசதி கூடவே வந்த இலவச இணைப்பு.